திலேபியா ஜிலேபி ஆன கதை

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, தென்பெண்ணையை மறித்து 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணை இருக்கிறது. அங்கே போய் வருகிறவர்கள் இரண்டைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்: ஒன்று முதலைப் பண்ணை, மற்றது மீன் வறுவல். அணையை ஒட்டிய கடைகளில் மிளகாய்த்தூள் பூசிய மீன்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். "அண்ணா, கட்லா போடவா, ஜிலேபி போடவா?" என்று கேட்பார் கடைக்கார அம்மா. உள்ளங்கை அகல உடம்பு, முதுகில் சீப்புபோல் நிற்கும் முள், உள்ளே வெள்ளைச் சதை, எண்ணெயில் விழுந்ததும் மொறுமொறுக்கும் தோல். ஜிலேபி கெண்டையை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏரி வற்றினால் கிடைப்பது அது, தூண்டில் போட்ட பையனுக்கு முதலில் மாட்டுவது அது, வாரச்சந்தையில் விலை குறைவாக இருப்பதும் அதுதான்.

விராலும் கெளுத்தியும் போல இதுவும் என்றைக்கும் நம் ஏரியில் இருந்த மீன் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் சங்கப் பாடல்களில் கயல் உண்டு, கெண்டை உண்டு, வாளையும் வராலும் ஆரலும் உண்டு, இது மட்டும் இல்லை. சோழர் காலத்தில் ஏரி மீனுக்கு வாங்கிய பாசிப்பாட்டத்தில் இந்த மீன் கணக்கில் வந்திருக்க வழியே இல்லை. இன்றைக்கும் நம் ஊராட்சிகளில் ஏரியை ஏலம் விடும்போது 'மீன்பாசி குத்தகை' என்கிறோம். அந்தப் 'பாசி' ஆயிரம் ஆண்டுப் பழைய சொல். அந்தக் குத்தகையில் இன்று அள்ளி எடுக்கும் ஜிலேபிக்கோ இந்தியாவில் வயது 80 கூட ஆகவில்லை.

பெயரிலிருந்து தொடங்கலாம். தென்னாப்பிரிக்காவின் த்ஸ்வானா மொழியில் மீனுக்குச் சொல் 'ட்லாபி' என்பதுபோல் ஒலிக்கும். அங்கே இருந்த ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து ராணுவ மருத்துவர், விலங்கியலில் பெரும் ஈடுபாடு கொண்டவர், 1840-இல் அந்தச் சொல்லை லத்தீன் உடுப்பு மாட்டி 'திலேபியா' என்று ஒரு மீன் பேரினத்துக்குச் சூட்டினார். ஆக, திலேபியா என்றால் வெறும் 'மீன்' என்றுதான் பொருள். அந்தச் சொல் தமிழ்நாட்டுச் சந்தைக்கு வந்ததும் நம் நாக்கு அதைத் தனக்குத் தெரிந்த இனிப்போடு சேர்த்து ஜிலேபி ஆக்கிக்கொண்டது. அந்த இனிப்பின் பெயரும் வெளியூர்க்காரப் பெயர்தான். அரபியின் 'சலாபியா', பாரசீகத்தின் 'சுல்பியா' வழியாக இந்தியாவுக்கு வந்து ஜிலேபி ஆனது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சொல்லும் அரபு நாட்டிலிருந்து ஒரு சொல்லும் தமிழ் வாய்க்குள் சந்தித்து ஒரே மீனாகிவிட்டன.

'கெண்டை' என்று நாம் ஒட்டியது பாசத்தால். உறவுமுறைப்படி இது கெண்டை அல்ல. இதன் பங்காளி கேரளத்தாரின் கரிமீன். சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சில மீன்களே உண்டு, கரிமீன் அவற்றில் ஒன்று. இந்தச் சில மீன்களின் மிக நெருங்கிய சொந்தங்கள் இன்று மடகாஸ்கரில் வாழ்கின்றன. மற்றப் பெருங்கூட்டம் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிறது.

அறிவியலிலும் இதன் பெயர் நிலைக்கவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எதெல்வின் ட்ரெவாவஸ் என்ற அம்மையார் வாழ்நாள் முழுவதும் இந்த மீன்களின் பல்லையும் செதிலையும் இனப்பெருக்க முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1983-இல் வந்த அவருடைய பெரிய நூலுக்குப் பிறகு, நம் ஜிலேபி திலேபியா என்ற பேரினத்திலிருந்தே வெளியேறி 'ஓரியோக்ரோமிஸ்' என்ற பேரினத்தில் நிலைபெற்றது. 'ஓரியோ' என்றால் கிரேக்கத்தில் மலை. கிளிமஞ்சாரோ என்னும் எரிமலையின் சரிவில் சாலா என்றொரு ஏரி. அங்கே பிடித்த மீனுக்கு 1889-இல் வைத்த பெயர் அது. நெருப்பு மலையென்று வணங்கப்படும் அண்ணாமலையின் அடிவாரத்துச் சந்தையில், எரிமலை ஏரியில் பிறந்த பெயரைத் தாங்கிய மீன் விற்கிறது. இதை யாரும் திட்டமிடவில்லை.

இந்த மீனின் பயணம் முழுவதற்கும் காரணமான உறுப்பு ஒன்று உண்டு. அது அதன் வாய்.

சித்திரை, வைகாசியில் நம் ஏரிகளில் தண்ணீர் இறங்கும்போது ஓரச் சேற்றைக் கவனித்துப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி வாயால் சேற்றைக் கவ்விக் கவ்வித் துப்பித் தோண்டிய கூடு அது. பெண் வந்து அங்கே முட்டையிடும். இட்டதும் அத்தனையையும் வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரிந்து நீந்தத் தொடங்கும்வரை ஏறக்குறைய இரை எடுக்காது. நீந்திய பிறகும் ஆபத்து வந்தால் தாய் வாயைத் திறக்கும், குஞ்சுகள் திபுதிபுவென்று உள்ளே ஓடிவிடும். நம் கட்லாவும் ரோகுவும் லட்சக்கணக்கில் முட்டையிட்டு ஆற்று வெள்ளத்தில் விட்டுவிடுகின்றன, தேங்கிய குளத்தில் அவை தாமாக முட்டையிடுவதும் இல்லை. ஜிலேபி சில நூறு முட்டைகளையே இட்டாலும் ஒன்றையும் விடாமல் காக்கிறது. இரண்டு மூன்று மாத வயதிலேயே தொடங்கி ஆண்டுக்குப் பலமுறை இப்படிச் செய்கிறது. ஆகவே ஒரு பானையில் ஒரு தாய் மீனை எடுத்துப் போனால் ஒரு குளத்தையே எடுத்துப் போவதாக அர்த்தம். இதை மறக்காமல் மீதிக் கதையைப் படிக்க வேண்டும்.

எகிப்தியர் இதை வியந்து பார்த்திருக்கிறார்கள். வாய்க்குள் போன முட்டை உயிராக வெளியே வருவதைக் கண்டு இந்த மீனை மறுபிறப்பின் அடையாளமாக்கினார்கள். சுமார் கி.மு. 1350-இல் நெபமூன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் தீட்டிய தோட்டக் குளம் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாமரையும் வாத்தும் சூழ அதில் நீந்துவது நைல் திலேபியா, நம் ஜிலேபியின் ஒன்றுவிட்ட சகோதரன். கலிலேயா ஏரிக்கரை உணவகங்களில் 'பேதுருவின் மீன்' என்று பொரித்துத் தருவதும் இந்தக் குடும்பத்து மீன்தான். பேதுரு பிடித்த மீனின் வாயில் வரி கட்டக் காசு இருந்தது என்கிறது மத்தேயு நற்செய்தி. அங்கும் கதை வாயில்தான் வந்து நிற்கிறது.

நம் ஏரிக்கு வந்த இனம் நைலுடையது அல்ல. 1840களில் மொசாம்பிக்கில் சில ஆண்டுகள் சுற்றித் திரிந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் பெர்லினுக்குத் திரும்பி 1852-இல் விவரித்த மொசாம்பிக் திலேபியா அது. ஆற்றிலும் வாழும், உப்பங்கழியிலும் வாழும், கடல் நீரையும் தாங்கும். பிறகு எண்பது ஆண்டுகள் அதை ஆப்பிரிக்காவுக்கு வெளியே பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

1930களின் பிற்பாதி. கிழக்கு ஜாவாவில் பிளிட்டார் என்ற ஊரருகே தென்கடற்கரைக் கழிமுகத்தில் முஜாயிர் என்ற கிராமத்து மனிதர் இதுவரை பார்த்திராத ஒரு மீனைக் கண்டார். கைக்கு வந்தவை ஐந்தே என்று பதிவுகள் சொல்கின்றன: மூன்று ஆண், இரண்டு பெண். இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் இருக்க வேண்டிய மீன் ஜாவாவுக்கு எப்படி வந்தது என்ற புதிர் இன்றுவரை அவிழவில்லை. அழகுமீன் வணிகம் காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். முஜாயிர் கடல்நீரில் நன்னீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மீனைப் பழக்கி, வீட்டுக் குளத்தில் வளர்த்தார் என்பது இந்தோனேசியாவில் சொல்லும் கதை. பல்கலைக்கழகம் எதையும் பார்க்காத அந்த மனிதர் செய்தது ஒழுங்கான ஆராய்ச்சி என்றே எனக்குப் படுகிறது. இந்தோனேசியர்கள் இந்த மீனை இன்றும் 'முஜாயிர்' என்றே அழைக்கிறார்கள். தன் பெயரை ஒரு நாட்டின் சாப்பாட்டுத் தட்டில் விட்டுச்சென்ற மீன் வளர்ப்பாளர் வேறு யாராவது உண்டா என்று தேடினேன். உண்டு, தைவானில். ஒருவரல்ல, இருவர்.

அதற்கு முன் போர் வந்தது. ஜாவாவின் உப்பங்கழிக் குளங்களில் காலங்காலமாக வளர்த்தது பால்கெண்டை. அதன் குஞ்சைக் கடற்கரையில் பிடித்து வந்து விட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அந்தக் குஞ்சு வரத்து குலைந்தது. தானே பெருகும் முஜாயிர் அந்த இடத்தில் நுழைந்தது. ஜாவாவைப் பிடித்த ஜப்பானியப் படைகள் இதை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு போயின. மலாயாவில் அதற்கு 'ஜப்பான் மீன்' என்றே பெயர் விழுந்தது. ஆப்பிரிக்க மீனுக்கு, ஜாவா வழி வந்து, ஜப்பான் என்ற பெயர்.

போர் முடிந்தபின் 1946-இல் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குத் திரும்பிய வூ, குவோ என்ற இருவர் சில குஞ்சுகளை ஒளித்து எடுத்துச் சென்றார்கள். கரை சேர்ந்தபோது உயிரோடு இருந்தவை 13. அந்தப் பதின்மூன்றிலிருந்து ஒரு தீவே மீன் வளர்த்தது. இருவர் பெயரையும் சேர்த்துத் தைவான் மக்கள் அதை 'வூ-குவோ மீன்' என்கிறார்கள். ஐந்து மீன், பதின்மூன்று மீன் என்ற எண்களைப் பார்க்கையில் அந்த வாயின் வலிமை புரிகிறது.

1950களின் தொடக்கத்தில் உலகம் பசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. கொசுப்புழுவையும் பாசியையும் தின்று, எந்தத் தண்ணீரிலும் வளர்ந்து, விதை செலவில்லாமல் பெருகும் மீன் வரம்போல் தெரிந்ததில் வியப்பில்லை. பசிபிக் தீவுகள் வரை அது பறந்தது. நவ்ரு தீவில் பரம்பரையாகப் பால்கெண்டை வளர்த்த குளங்களை அது நிறைத்துப் பாழாக்கிய பிறகுதான் அங்கே வருந்தினார்கள்.

இலங்கை அதைத் தன் குளங்களில் விட்டது. அனுராதபுர, பொலன்னறுவை மன்னர்கள் நெல்லுக்காக வெட்டிய குளங்கள், பராக்கிரம சமுத்திரம் உட்பட, சில ஆண்டுகளில் மீன் களஞ்சியங்கள் ஆயின. அதுவரை பெரிய மீன்பிடித் தொழில் இல்லாத உள்நாட்டு வறண்ட பகுதிக்கு அது புதிய பிழைப்பையே கொடுத்தது. இலங்கையின் நீர்நிலைகளை நீண்டகாலம் ஆராய்ந்த பேராசிரியர் சேன த சில்வா, அங்கே இந்த மீன் விளைத்த நன்மையை எடைபோட்டுப் பார்க்காமல் பழி சுமத்தக் கூடாது என்று வாதாடியவர்.

இந்தியாவுக்கு அது வந்த வாசல் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம். மண்டபம் முகாம் என்ற பெயரைக் கேட்டால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் வாரிசுகளுக்கு நெஞ்சில் ஏதோ அசையும். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற தமிழ்க் கூலிகளைத் தனிமைப்படுத்தி, நோய் பார்த்து, கப்பலுக்கு அனுப்பிய இடம் அது. 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் அமைந்தது. 1952 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து திலேபியா அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் சென்னை மாகாண மீன்துறை இன்னொரு தொகுதியை இலங்கையிலிருந்து வரவழைத்தது. எந்த நாட்டுக்கு நம் மக்களை அனுப்பினோமோ அந்த நாட்டிலிருந்து நமக்கு மீன் வந்தது.

சென்னை மாகாணம் இதில் துணிந்து இறங்கியதற்குப் பின்னணி உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலாக 1907-இல் மீன்வளத்துக்கென்று ஒரு அரசுத் துறையை பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் தொடங்கிய மாகாணம் இது. கிருஷ்ணா, கோதாவரியின் கட்லாவைக் காவிரிக்குக் கொண்டு வந்தது அந்தத் துறையின் வேலை. இன்று நாம் நம் மீன் என்று நினைக்கும் கட்லாவும் தமிழக ஆறுகளுக்குக் குடிவந்த மீனே.

மண்டபத்தில் என்.கே. பணிக்கரும் பி.ஆர்.எஸ். தம்பியும் இந்தப் புதிய விருந்தாளியைத் தொட்டிகளில் வைத்துக் கவனித்து, அது வாயில் குஞ்சு வளர்ப்பதைப் பற்றி 1954-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால் கட்டுரை அச்சாவதற்குள் மீன் குளங்களுக்குப் போய்விட்டது. குளத்திலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஏரி, ஏரி உடைந்தால் ஆறு. 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு, கட்லா, ரோகு, மிர்கால் வளரும் நீர்நிலைகளில் இதைப் பரப்ப வேண்டாம் என்று தடை விதித்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது. அமராவதி அணையில் 1960களில் பிடித்த மீனில் பெரும்பங்கு திலேபியாவே. பிடிபட்ட மீன்களின் அளவும் பல இடங்களில் ஆண்டுக்காண்டு சிறுத்தது. குஞ்சு பெருகப் பெருக இரை பங்காகி, ஒரு கிலோ மீன் வளர வேண்டிய இடத்தில் விரல் நீளத்தில் நூறு மீன் நெளிந்தது.

1952-இல் நடந்த தவறு மீனைக் கொண்டு வந்தது அல்ல என்பது என் எண்ணம். அதைக் கட்டி வைக்கும் வழி தெரியுமுன் கொண்டு வந்ததுதான் தவறு. இந்த மீன் எப்போதும் முன்னே ஓடியது, படிப்பு பின்னால் மூச்சிரைக்க வந்தது. இன்று மீன்வளக் கல்லூரிகளில் ஆராய்ச்சி, பாடம், பயிற்சி என்று நடப்பதில் ஒரு பெரும் பங்கு அந்த இடைவெளியை மூடும் முயற்சி.

கேள்வி ஒன்றே: ஆண் மீனை மட்டும் வளர்க்க முடியுமா? பெண் மீன் வாயில் முட்டை வைத்திருக்கும் நாளெல்லாம் பட்டினி, அதனால் வளராது. ஆண் வேகமாக வளரும். ஆண் மட்டும் இருந்தால் குளத்தில் குஞ்சும் பெருகாது, தப்பிப் போனாலும் தனியாகச் சந்ததி வைக்காது.

முதல் விடை தற்செயலாக மலாக்காவில் கிடைத்தது. அங்கே பத்து பெரெண்டாமில் வெப்பமண்டல மீன் வளர்ப்புக்கென்று ஆராய்ச்சி நிலையம் அமைத்த சி.எப். ஹிக்லிங், ஜாவா வழி வந்த மீன் கூட்டம் ஒரே குடும்பத்துக்குள் பெருகியது என்பதால் புது ரத்தம் சேர்க்க நினைத்து, சான்சிபாரிலிருந்து அதே இனம் என்று எண்ணி மீன்களை வரவழைத்தார். சான்சிபார் ஆணையும் ஜாவாப் பெண்ணையும் சேர்த்தபோது பிறந்த குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே ஆண். வந்தது அதே இனம் அல்ல, வேறு இனம் என்பது பிறகே தெரிந்தது. 1960-இல் அவர் அதை எழுதியபோது உலகின் மீன் ஆய்வகங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

அடுத்து, 1970களில் பிலிப்பைன்ஸின் ரபேல் கெரேரோ போன்றவர்கள் குஞ்சுத் தீவனத்தில் ஆண் ஹார்மோனைச் சிறிதளவு கலந்தார்கள். மீன் குஞ்சுக்கு முதல் சில வாரங்களில் பால் இன்னும் முடிவாகியிருக்காது. அந்த நாட்களில் ஹார்மோன் தீவனம் தின்றால் பெண்ணாக வேண்டியதும் ஆணாக வளரும்.

இந்தக் கதையில் மதுரை நுழைவது இங்கேதான், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியன், 1984-இல் பட்நாகர் விருது பெற்றவர், ஹார்மோன் கொடுக்காமலே ஆண் குஞ்சு மட்டும் பிறக்கச் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆணில் எக்ஸ்-ஒய், பெண்ணில் எக்ஸ்-எக்ஸ் என்று குரோமோசோம்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். எக்ஸ்-ஒய் உடைய குஞ்சுக்குப் பெண் ஹார்மோன் கொடுத்தால், உள்ளே ஆணின் குரோமோசோமும் வெளியே பெண்ணின் உடலுமாக வளர்ந்து முட்டையிடும். அந்த முட்டைகளில் பாதி ஒய் சுமக்கும். தந்தையின் மரபுப் பங்கே சேராமல் அந்த முட்டையை வளரவைத்து, அதன் குரோமோசோமை இரட்டித்தால் ஒய்-ஒய் மீன் பிறக்கும். இயற்கையில் காண முடியாத 'பேராண்' அது. அதைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் தகப்பனிடமிருந்து ஒய் மட்டுமே போகும், பிறப்பவை எல்லாம் ஆண். கே. வரதராஜும் பாண்டியனும் மொசாம்பிக் திலேபியாவில், அதாவது நம் ஏரி ஜிலேபியிலேயே, இதைச் செய்து 1989-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். ஊர்க் குளத்தில் தொல்லை என்று ஒதுக்கிய மீன் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பாடப்புத்தகமாகத் திறந்தது.

அதற்குள் உலகச் சந்தை மொசாம்பிக் மீனை விட்டு, கல்லறைச் சுவரில் நீந்திய நைல் மீனின் பக்கம் திரும்பியிருந்தது. அது இன்னும் வேகமாக வளரும். அதன் வழியும் விசித்திரமானது. 1965-இல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிதோ, தாமே கோபி மீன்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர், தாய்லாந்து மன்னர் பூமிபாலுக்கு 50 நைல் திலேபியாக்களைப் பரிசாக அனுப்பினார். மன்னர் அவற்றை அரண்மனைக் குளத்தில் வளர்த்து மக்களுக்கு வழங்கினார். 'பிளா நின்' என்ற பெயரில் அது இன்று தாய்லாந்தின் தெருக்கடைகளில் உப்புப் பூசிச் சுட்டுத் தரும் மீன்.

1988-இல் பிலிப்பைன்ஸில் ஒரு பெரிய கூட்டு முயற்சி தொடங்கியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு நாடுகளின் ஆற்று மீன்களையும், இஸ்ரேல், சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து வழி வந்த பண்ணை மீன்களையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கலந்தார்கள். முறையைக் கற்றுத் தந்தது நார்வே. சால்மனில் குடும்பம் குடும்பமாகத் தேர்ந்தெடுத்து இனம் மேம்படுத்திய அனுபவம் அவர்களுடையது. மத்திய லூசோன் மாநிலப் பல்கலைக்கழகம் இடம் தந்தது. இதில் மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இல்லை. நல்ல காளையைப் பார்த்துப் பொலிகாளையாக நிறுத்தும் நம் கிராமத்து அறிவைக் கணக்கும் பதிவேடும் வைத்து, தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான். ஐந்து தலைமுறையில் வளர்ச்சி 80 சதவீதத்துக்கும் மேல் கூடியது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'கிஃப்ட்' என்று ஆனது. ஆந்திரத்தின் பாபட்லாவில் பிறந்த மொடடுகு விஜய் குப்தா இந்த விதையை ஆசிய, ஆப்பிரிக்க ஏழைக் குளங்களுக்குக் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர். 2005-இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

தாயகத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் போனால் கதை நேர்மையாக இருக்காது. உலகின் மோசமான நூறு அந்நிய இனங்களின் பட்டியலில் மொசாம்பிக் திலேபியா இருக்கிறது. அதே மீன் தன் சொந்த ஆறுகளில் அழியும் ஆபத்துக்கு உள்ளான இனமாகவும் குறிக்கப்பட்டுள்ளது. பண்ணைகளிலிருந்து தப்பிய நைல் திலேபியா அங்கே நுழைந்து கலப்பினமாக்கி அதன் மரபையே கரைக்கிறது. வெளியூரில் ஊரையே நிறைத்தவன் சொந்த வீட்டில் இடமிழந்து நிற்கிறான்.

இந்தியாவில் ஐம்பது ஆண்டுத் தடைக்குப் பிறகு 2009-இல் நைல் திலேபியா வளர்ப்புக்கு நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. ஆண் மீனாகவோ மலட்டு மீனாகவோ இருக்க வேண்டும். பண்ணை பதிவு பெற்றிருக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் வாயில் வலை வேண்டும். வெள்ளம் வரும் இடத்தில் கூடாது. ஏரியிலும் ஆற்றிலும் விடக் கூடாது. கிஃப்ட் விதை ஆந்திரத்தின் மணிகொண்டாவில் உள்ள மத்திய அரசின் மையத்துக்கு வந்தது, பிறகு தமிழகத்துக்கும் வந்தது.

இங்கே அதற்குப் பாடம் நடத்த ஒரு பல்கலைக்கழகம் காத்திருந்தது. 1977-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தூத்துக்குடியில் தொடங்கிய மீன்வளக் கல்லூரி வளர்ந்து கிளைத்து, 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் உருவானது. இன்று தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் என்பது அதன் பெயர். கடலோரம் தலைமையகம் இருந்தாலும் அதன் வேர் ஒன்று நம் பக்கம் நீண்டிருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து செங்கம், ஊத்தங்கரை வழியே மேற்கே போனால் கிருஷ்ணகிரி மாவட்டத்து பாரூர். அங்கே நீடித்த மீன் வளர்ப்புக்கான மையம் ஒன்றைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. கிஃப்ட் குஞ்சு உற்பத்தியும் உழவர்களுக்குப் பயிற்சியும் அங்கே நடக்கின்றன. பாரூர்ப் பெரிய ஏரிக்குத் தண்ணீர் நெடுங்கல் அணைக்கட்டு வழியே தென்பெண்ணையிலிருந்து வருகிறது. அதே தென்பெண்ணை கீழே இறங்கி சாத்தனூரில் தேங்குகிறது. கிஃப்ட் படிக்கும் பள்ளியும் ஜிலேபி வறுக்கும் கடையும் ஒரே ஆற்றின் மேலும் கீழுமாக இருக்கின்றன.

அது எனக்கு நம்பிக்கையும் தருகிறது, பயமும் தருகிறது. பண்ணைக்குட்டை வெட்டிய சிறு விவசாயிக்கு ஆறேழு மாதத்தில் அரைக்கிலோ மீன் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. மழை நம்பிய பூமியில் அது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து வாகனங்களை அடித்துச் சென்றது. சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அப்படி ஒரு இரவில் குட்டையின் வாயில் கட்டிய வலை எதைத் தடுக்கும்? ஹார்மோன் தீவனத்தால் நூற்றுக்கு நூறு ஆண் கிடைப்பதில்லை, சில பெண் மீன்கள் எப்போதும் தங்கும். ஒரு சில பெண்களே போதும் என்பதை ஜாவாவும் தைவானும் சொல்லிவிட்டன. அயிரையும் உளுவையும் குறவையும் ஏற்கெனவே அரிதாகிவிட்ட ஏரிகளுக்கு இன்னொரு வேகமான போட்டியாளர் தேவையில்லை. எந்தக் குட்டையில் எவ்வளவு உயரக் கரை, எந்தத் தாலுகாவில் அனுமதி, ஒய்-ஒய் மீனைப் போல உறுதியான வழி நைல் இனத்தில் பண்ணை அளவுக்கு எப்போது வரும் என்ற கேள்விகளுக்கு மாணவர்கள் பதில் தேட வேண்டியது வகுப்பறையைவிட இந்த ஆற்றங்கரையில்தான்.

படிப்பு சில நேரம் யாரும் எதிர்பாராத பக்கமும் திரும்புகிறது. பிரேசிலின் சியரா மாநிலத்தில் கூட்டாட்சிப் பல்கலைக்கழக மருத்துவர்கள், குப்பைக்குப் போகும் திலேபியாத் தோலைச் சுத்தம் செய்து தீக்காயத்தின் மேல் கட்டுப்போடக் கற்றார்கள். அதைப் பார்த்து, கலிபோர்னியாவில் 2017-இன் காட்டுத்தீயில் பாதம் வெந்த கரடிகளுக்கு அங்குள்ள பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் இதே தோலைச் சுற்றினார்கள்.

கிஃப்ட் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். குளத்து நீரில் நான்கு கழிகளுக்கிடையே கட்டிய வலைத்தொட்டியில் ஆணும் பெண்ணும் இருக்கும். வாரம் ஒருமுறை மாணவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு பெண்ணாகக் கையில் எடுப்பார்கள். தாடை புடைத்திருந்தால் கட்டைவிரலால் மெல்ல வாயைத் திறந்து, தலையைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்ற, கடுகு கொட்டுவதுபோல் மஞ்சள் முட்டைகள் கிண்ணத்தில் உருளும். கண்புள்ளி வந்தவை ஒரு பக்கம், வராதவை இன்னொரு பக்கம் என்று பிரித்து, கீழிருந்து மேலே நீர் சுழலும் குடுவைகளில் போடுவார்கள். தாயின் வாய் செய்த வேலையை இனி அந்தக் குடுவை செய்யும். வாய் காலியான மீனை மறுபடி தொட்டியில் விடுவார்கள். அது கொஞ்சநேரம் அசையாமல் அடியில் நிற்கும், பிறகு பல நாள் பசியோடு இரை தேடிப் போகும்.